மூன்றாவது விண்ணப்பம்

பாலகனான புதுப் பேரரசருக்குப் பதிலாக நாட்டைப் பார்த்துக்கொள்ள, செத்துப்போன பழைய பேரரசர் நான்கு பேரை நியமித்துவிட்டுப் போயிருந்தார். ஒருவர் நோயில் போனார். இன்னொருவருக்கு வெள்ளைப் பட்டுக் கயிறு அனுப்பி, தூக்கு மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மிச்சம் மெங் ஷோலியாங்கும் குவோ தெங்கும்தான். ஏழு வருடமாக இருவரும் ஒரே மேசையில் முத்திரை குத்திக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்தார்கள். மெங்குக்கு அலுத்துவிட்டது. உண்மையிலேயே அலுத்துவிட்டது, அதைத்தான் அரண்மனையில் ஒரு ஜீவனும் நம்பவில்லை.

அவர் மனைவி இறந்து இரண்டு வருடம். தெற்கே சொந்த ஊரில் அடக்கம் செய்யவேண்டிய சவப்பெட்டி, தலைநகருக்கு வெளியே ஒரு கோயில் கூடத்தில் கிடந்தது. தாய் தகப்பன் செத்தால் விடுப்பு உண்டு, பெண்டாட்டிக்குக் கிடையாது. முதல் பிடி மண்ணைத் தன் கையால் போடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே உடம்பு சரியில்லை, பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் விண்ணப்பத்தை மறுக்க வேண்டும், அது மரியாதை. இரண்டாவதையும் மறுத்து மருந்து அனுப்ப வேண்டும். நல்ல ஜின்செங் வேராகவே வந்தது. மூன்றாவதை ஏற்றுக்கொள்வார்கள். மெங் படகுக்குச் சொல்லிவிட்டார்.

மூன்றாவதைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் குவோ வந்தார். தேநீரைத் தொடவில்லை.

"அண்ணே, என்ன கணக்கு போடுறீங்கன்னு சொல்லிடுங்க. எனக்குத் தூக்கமே போச்சு."

"ஒரு கணக்கும் இல்லப்பா. ஊருக்குப் போறேன். எல்லாத்தையும் நீயே வச்சுக்க."

"என்னைத் தனியா நிக்க வச்சு, பழியெல்லாம் என் தலையில விழட்டும்னு பாக்குறீங்க. அதானே?"

மெங் சவப்பெட்டியைப் பற்றிச் சொன்னார். இதைவிட நல்ல சாக்கு கிடைக்கவில்லையா என்று சிரித்துவிட்டுப் போனார் குவோ. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் இடத்தில் இருந்திருந்தால் மெங்கும் நம்பியிருக்க மாட்டார்.

மறுநாள் சபையில், மஞ்சள் திரைக்குப் பின்னால் பேரரசரின் தாயார் உட்கார்ந்திருக்க, மெங் விண்ணப்பத்தை நீட்டினார். பின்னாலேயே குவோவும் மண்டியிட்டு ஒன்றை நீட்டினார். அவருக்கு நெஞ்சு வலியாம். கெட்டிக்காரத்தனம்தான். முதல் விண்ணப்பத்தை யாரும் ஏற்றதே இல்லை. இருவரையும் ஒரே நாளில் விடவும் முடியாது என்பதால் மெங்கின் தந்திரமும் பாழாகிவிடும்.

திரைக்குப் பின்னால் இருந்த அம்மாளுக்குக் குவோவை என்றைக்குமே பிடித்ததில்லை.

"நெஞ்சு வலிக்குதுன்னா நாம கட்டாயப்படுத்தக் கூடாது. குவோ இன்னிக்கே வீட்டுக்குப் போகட்டும்."

குவோ தரையில் வைத்த நெற்றியை எடுக்கவில்லை.

"ஆனா ரெண்டு பேரும் போயிட்டா என் பிள்ளைக்கு யாரு இருக்கா? பெரியவரே, நீங்க இருங்க. அவன் தலையெடுக்க இன்னும் எட்டு வருஷம்தானே."

மெங்குக்கு அறுபத்தொன்பது வயது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மாள், உண்மையான அன்போடுதான், அவர் வீட்டு விஷயமும் தன் காதுக்கு வந்தது என்றார். நாற்பது பேர் தூக்க, அரசு மரியாதையோடு சவப்பெட்டியை நாளைக்கே ஊருக்கு அனுப்பி அடக்கம் செய்துவிடுவார்களாம். இனி அவருக்கு ஒரு கவலையும் வேண்டாமாம்.

அவ்வளவு பெரிய கருணைக்கு ஒன்பது முறை நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். மெங் வணங்கினார். ஒன்பதாவது முறை எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. முகமெல்லாம் கண்ணீர். பெரியவருக்கு எவ்வளவு நன்றி என்று அரண்மனைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள்.