பொத்தானுக்கு முந்திய எட்டு வினாடி

"அக்கா, இதுதான் படம். மிச்சமெல்லாம் வெங்காயம்" என்றான் கோகுலன்.

உடுவிலில் அவன் வீட்டு முன்னறையில்தான் ஆவணப்படத்தின் தொகுப்பு நடந்துகொண்டிருந்தது. படத்தை எடுத்த வினோஜா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கும் இராசமலர். கமெராவைப் பார்க்காமல் வெங்காயச் சருகைக் கிள்ளியபடி கதைக்கிறாள்.

"அவருக்கு அங்கை வேறை குடும்பம், பிள்ளை. ரெண்டு பொடியள். நான் இஞ்சை குங்குமத்தை வைச்சுக்கொண்டு அவரின்ரை கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறன்."

பிறகு நிமிர்கிறாள். முகத்தைத் துடைத்துவிட்டதுபோல ஒரு மாற்றம். "அவர் லண்டனிலை. நல்லாய் இருக்கிறார்."

இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் வினோஜா பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தாள். அழுத்துவதற்கு முந்திய பேச்சு எப்படிப் பதிவானது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உடனே விளங்கிவிட்டது.

மூன்றாம் கையாக வாங்கிய சினிமா கமெரா அது. போன கிழமைதான் அதை இயக்கும் மென்பொருளான ஃபேம்வெயர் புதிதாக வந்தது. கோப்பாயில் தன் அறையில் இருந்து அப்டேற் செய்து, புதிய வசதிகளின் பட்டியலை இரண்டு தடவை வாசித்தாள். அதில் ஒன்று முன்பதிவு. கமெரா சும்மா நிற்கும்போதும் கடைசி எட்டு வினாடியைத் தனக்குள் வைத்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் அந்த எட்டு வினாடியையும் முன்னால் ஒட்டிவிடும். சந்தை ஏலக்காரர் யாருக்காகவும் காத்திராமல் முதல் விலையைக் கூவிவிடுவார். அதைப் பிடிப்பதற்காகப் படப்பிடிப்பன்று காலையில் முன்பதிவைப் போட்டாள். மத்தியானம் இராசமலரின் முன்னால் இருந்தபோது அதை நிறுத்த மறந்துபோனாள்.

அங்கே அவள் சொன்னது நினைவிருந்தது. "இந்தச் சிவப்பு லைற் எரிஞ்சால்தான் பதியும், மலரக்கா. எரியாட்டி நாங்கள் சும்மா கதைக்கிறம்." படத்தில் வரும் ஐந்து பெண்களிடமும் இதையே சொல்லியிருந்தாள். மற்ற நாலு பேரிடமும் சொன்னபோது அது உண்மையாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை கொழும்பு விழாவுக்குப் படத்தை அனுப்ப வேணும். இது இல்லாமல் அனுப்புறதும் ஒண்டு, அனுப்பாமல் விடுறதும் ஒண்டு" என்றான் கோகுலன்.

"அவவுக்குச் சொல்லாமலோ?"

"கொழும்பிலை காட்டுறது கொடிகாமத்துக்குத் தெரியுமே?"

"லண்டனுக்குத் தெரியும்."

அவன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் வினோஜாவின் மனம் அவன் பக்கமே கதைத்தது. இராசமலர் சொன்னது பொய் இல்லையே. இப்படி எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஒருத்தி வெளியே சொன்னால் மற்றவர்களுக்கும் துணிவு வரும் அல்லவா. நியாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை இவ்வளவு வேகமாக வந்ததுதான் அவளைப் பயப்படுத்தியது. இன்னொன்றும் இருந்தது. இராசமலர் புருஷனைப் பற்றித் தொடங்கியதுமே அவளுடைய விரல் பொத்தானுக்குப் போயிருந்தது. அந்தப் பேச்சின் வாலாவது அகப்படட்டும் என்றுதான் அழுத்தினாள். பிழை மறதியில் மட்டும் இருக்கவில்லை.

"நான் நாளைக்குக் கொடிகாமம் போறன்" என்று எழுந்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் சந்தை ஓய்ந்த நேரத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி, கமெராவோடு இராசமலரின் கடைக்குள் போனாள். சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். ஹெட்போனை நீட்டினாள்.

இராசமலர் கேட்டாள். மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டாள்.

"உது நானோ?" என்றாள். "இப்பிடியே கதைச்சனான்?"

"ஓம் அக்கா."

"சிவப்பு எரிஞ்சால்தான் எண்டு சொன்னனியெல்லோ?"

"சொன்னனான். பிழை என்னிலை."

"மிசினிலை எண்டு சொல்லன். நானும் நம்பீட்டுப் போறன்."

"மிசினும்தான். ஆனால் நீங்கள் அதைக் கதைக்கேக்கைதான் நான் அமத்தினனான். வேணுமெண்டுதான்."

இராசமலர், கடைக்கு வந்த ஒருவருக்கு அரைக்கிலோ கத்தரிக்காய் நிறுத்துக் கொடுத்தாள். மேலே ஒரு காயும் போட்டாள். அவர் போனபிறகு திரும்பினாள்.

"என்ரை மகளுக்குத் தெரியாது. தகப்பன் வருவார் எண்டு இருக்கிறாள். அழி."

"அந்த எட்டு வினாடியை மட்டும் கமெராவிலை வெட்டேலாது. முழுப் பேட்டியும் போகும்."

"போகட்டும். என்ரை கண்ணுக்கு முன்னாலை அழி."

வினோஜா அழித்தாள். படத்தின் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பிறகு கோகுலனை அழைத்து, போனைச் சத்தமாக வைத்தாள்.

"கோகுலன், மலரக்காவின்ரை பேட்டியை அழி. மற்றக் கொப்பியையும் சேர்த்து."

"அக்கா, உங்களுக்கென்ன விசரே?"

"ஓம் தம்பி, விசர்தான், ரெண்டு பேருக்கும்" என்றாள் இராசமலர். "அழியுங்கோ."

மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அழிச்சிட்டன்" என்று ஒரு செத்த குரல் வந்தது.

போகலாம் என்று வினோஜா பையைத் தூக்கினாள். இராசமலர் விடவில்லை.

"இரு. உதுக்குள்ளை இன்னும் என்னென்ன புதுசு போட்டிருக்கினம்? ஒண்டும் விடாமல் சொல்லு."

வினோஜா மெனுவைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். முன்பதிவை நிறுத்திக் காட்டினாள். "ஒரு முகத்தைப் பிடிச்சால், அது அங்காலை திரும்பினாலும் விடாது."

"எங்கடை மச்சாள் மாதிரி."

"வெளிச்சம் கூடின இடத்தை வேறை நிறத்திலை காட்டும்."

"அது எனக்கென்னத்துக்கு? பிறகு?"

"போனிலை இருந்தும் பதியலாம், நிப்பாட்டலாம்."

"ஆரின்ரை போனிலை?"

"ஆரின்ரை போனிலையும்."

இராசமலர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "அப்ப என்ரை போனிலை போடு."

வினோஜா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எவருக்கும் அவள் அந்தப் பொத்தானைக் கொடுத்ததில்லை. கொடுக்க ஒரு கணம் மனம் வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. போனை வாங்கி, செயலியை இறக்கி, கமெராவோடு இணைத்துக் கொடுத்தாள். தாங்கியில் கமெராவை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தள்ளி இருந்தாள்.

இராசமலர் உடனே அழுத்தவில்லை. அரைமணித்தியாலம் கதைத்தாள். லண்டனைப் பற்றி, அந்த இரண்டு பொடியளின் பெயர்களைப் பற்றி, ஒரு முறை தவறுதலாக அவர்களில் ஒருவன் போனை எடுத்ததைப் பற்றி. வினோஜாவின் விரல்கள் இரண்டு தடவை அசைந்தன. மடியிலேயே அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் இராசமலர் முதுகை நிமிர்த்தி, பெருவிரலால் போனைத் தொட்டாள்.

"என்ரை பேர் இராசமலர். கொடிகாமத்திலை எனக்குச் சீதனமாய் வந்த காணி ஒண்டு இருக்கு. அதை விக்கிறதெண்டால் புருஷன் கையெழுத்து வைக்க வேணுமாம், காணி உறுதி எழுதுற நொத்தாரிசு சொல்லுறார். காணி என்ரை. வரியும் நான்தான் கட்டுறன். கையெழுத்து மட்டும் அவரின்ரை."

மறுபடியும் போனைத் தொட்டாள். "இவ்வளவுதான். இதை எங்கையும் போடு, லண்டனிலையும் போடு."

இரவுக்குள் அது கோகுலனிடம் போய்ச் சேர்ந்தது. அவன் உடனே அழைத்தான். "அக்கா, இவ்வளவுதானோ?"

"ஓம், இவ்வளவுதான்" என்றாள் வினோஜா. "ஒரு சொல்லும் வெட்டாதை. வெள்ளிக்கிழமை அனுப்புறம்."