பச்சை மங்குவதற்குள்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கப்போவதாகப் பாவா சொன்னபோதே நான் சண்டை போட்டேன். பாவா என்றால் என் அக்கா புவனாவின் கணவர் ஹேமநாதன். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். இரண்டு சிறுநீரகமும் போய், டயாலிசிஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. வேண்டுதலுக்காக அந்த வாரம் டயாலிசிஸைக்கூடத் தள்ளிப்போட்டார். மலைமேல் யாரோ நீட்டிய இளநீரைக் குடித்தார், பஞ்சாமிர்தத்தை வழித்துச் சாப்பிட்டார். இரண்டிலும் பொட்டாசியம். அது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தேன். பிரசாதம் ஒன்றும் செய்யாது என்றார்.

சன்னதிக்குப் போகும் வழியில் கால் துவண்டு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். காவடியைத் தூணில் சாய்த்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். படி ஏறின களைப்புதான், செலுத்தாத காவடியோடு இறங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அக்காவும் அவரோடு சேர்ந்துகொண்டாள். 

என் பையில் ஒரு குப்பி இருந்தது. சென்னையில் என் ஆராய்ச்சியே அதுதான். பாவா பார்க்க ஆசைப்பட்டாரென்று கொண்டுவந்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் துகள்கள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பாலிமர் உறை. அளவுக்கு மிஞ்சிய பொட்டாசியம் உறையைத் தாண்டி உள்ளே போனால் பச்சை ஒளி மங்கும். மனிதர்களுக்குச் சோதித்துச் சொல்ல இன்னும் அனுமதி கிடையாது. ஆனாலும் வேறு வழி தோன்றவில்லை. பாவாவின் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் குப்பியில் விட்டு நீல டார்ச்சை அடித்தேன்.

"மங்கிச்சினா வர்றேன். இல்லேனா செலுத்திட்டுதான் எறங்குவேன்" என்றார் பாவா.

மங்கவில்லை. பளிச்சென்று பச்சை. பாவா சிரித்தார்.

மங்கிவிட்டதென்று பொய் சொல்லியிருப்பேன், அவர்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாரே. அந்த உறை கூட்டமான டவுன் பஸ் மாதிரி. உள்ளே இருக்கும் சோடியம் இறங்கினால்தான் பொட்டாசியம் ஏற முடியும். வேறு உப்புகள் நுழைந்து ஏமாற்றக் கூடாதென்று போன மாதம் உறையை இன்னும் தடிமனாக்கியிருந்தோம். அதனால் மங்க நேரம் பிடிக்கும். ஆய்வகத்தில் டீ குடித்துவிட்டு வந்து பார்ப்போம். இங்கே எதைக் குடிப்பது?

பாவா எழுந்து காவடியைப் பிடித்தார். கை வழுக்கியது. மறுபடியும் உட்கார்ந்தார்.

"அக்கா, இன்னும் உள்ள போவல. உறை தடியா கீது. இது பச்சையா இருக்கறப்பவே உன் புருசன் பூடுவாரு" என்றேன்.

அக்கா குப்பியைப் பார்க்கவில்லை. தன் விரலை அவர் உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். அவரால் முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காவடியைத் தோளில் ஏற்றினாள்.

"வேண்டுதல் என்னுது, புவனா" என்று முனகினார் பாவா.

"புருசன் என்னுது. சினேகா, இவர இட்டுகினு எறங்கு."

அரோகரா சத்தத்துக்குள் அவள் போய்விட்டாள். தொண்டர்கள் பாவாவைத் தூக்கிவந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மலைச்சாலையில் இறங்கும்போது குப்பியில் பச்சை மெல்ல அணைந்தது. என் ஆராய்ச்சி பலித்த அந்த நேரத்தை நான் வெறுத்தேன். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர், ரத்த முடிவுக்குக் காத்திராமல் ஊசி போட்டு, டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டுவந்தே பிரயோஜனமில்லை என்றார்.

அக்காவின் போன் என் பையிலேயே இருந்தது. சாயங்காலம்தான் வந்தாள். வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி, தோள் கன்றிப் போயிருந்தது. வார்டு வாசலோடு நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவே பயந்தாள்.

"செலுத்திட்டியா?" என்று உள்ளேயிருந்து பாவாவின் குரல் வந்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"சாமி எதிர்ல நின்னுகினு என்ன வேண்டிக்கறதுன்னே தெரில சினேகா. இவரு இருக்கறாரா இல்லியான்னு தெரியாம என்னத்த கேக்கறது?"