நாலு எட்டு

“மூடி எங்க இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?”

மூன்று வருடங்களுக்கு முன்னால், கொல்லைப்புறத்தில் கடப்பாரையோடு நின்று செப்டிக் டேங்க் லாரிக்காரர் கேட்டது அது. குளியலறைத் தரையில் தண்ணீர் எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது. ஏழு பேர் புழங்கிய வீட்டில் ஒருவருக்கும் மூடி இருக்கும் இடம் தெரியவில்லை. அண்ணன் மரத்தடியைக் காட்டினான். அண்ணி மதில் ஓரத்தைக் காட்டினாள். அம்மா, “கட்டின மனுஷன் போயி ஏழு வருஷம் ஆச்சு. அவரைத்தான் கேக்கணும்” என்றாள். “அவரு போன் நம்பர் இருக்குங்களாம்மா?” என்று கேட்ட லாரிக்காரர், அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“துவைக்கிற கல்லுலேர்ந்து நாலு எட்டு. மதிலைப் பாத்த மாதிரி.”

சமையலறை வாசலிலிருந்து வந்த அந்தக் குரல் யாருடையது என்று வீட்டாருக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. அண்ணனின் தங்கையான அவளை வீட்டில் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தால் சத்தம் கேட்காது, பேசினாலும் கேட்காது. பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் விடை தெரிந்து வைத்திருந்தாள். எழுந்து நின்றால் சொல்ல வராது. “வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?” என்று கணக்கு டீச்சர் கேட்டு வகுப்பே சிரித்த நாளில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான். பத்தாம் வகுப்பு அதோடு முடிந்தது.

லாரிக்காரர் நாலு எட்டு வைத்து, தோண்டினார். ஒரு முழ ஆழத்தில் கடப்பாரை டங்கென்றது. மண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். சிமெண்டுப் பலகையின் நடுவில் ஒரு குழந்தையின் கால் தடம் தெரிந்தது, ஐந்து விரலும் துல்லியமாக. அப்பா மூடி வார்த்த அன்று ஈரத்தில் மிதித்துவிட்டு, அடி வாங்குவோம் என்று நடுங்கி நின்றது அவளுக்கு நினைவிருந்தது. அப்பா அடிக்கவில்லை; “இருக்கட்டும் விடு” என்று தடத்தை அப்படியே விட்டுவிட்டார். லாரிக்காரர் தடத்தைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டு குழாயை இழுக்கப் போய்விட்டார்.

போகும்போது அண்ணனிடம்தான் சொன்னார். ஆனால் கேட்டவள் அவள். இத்தனை பேர் இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். தண்ணீர் மெதுவாக இறங்கினால், குழாய்க்குள் குளக் குளக் என்று சத்தம் வந்தால், வெயில் காலத்திலும் அந்த இடத்துப் புல் மட்டும் பச்சையாக இருந்தால் கவனிக்க வேண்டும். “இதுல எது வந்தாலும் ஒரு போன் பண்ணுங்க, வந்துடறேன்.” அன்று மாலை அவள் பழைய சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த நோட்டை எடுத்து இதையெல்லாம் எழுதினாள். கடைசி வார்த்தையை மட்டும் தனி வரியில் எழுதினாள். வந்துடறேன்.

அப்புறம் அவள் நாள் எண்ணத் தொடங்கினாள். ஊர் உலகமெல்லாம் எது நிறையக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுமோ, அது நிறைய வேண்டும் என்று காத்திருந்தவள் அவள் ஒருத்திதான் இருப்பாள். வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அவர் வர வேண்டும், கொல்லையில் நின்று எதையாவது கேட்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதை நோட்டில் எழுதிப் பார்த்தபோது ரொம்பச் சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் அதை எழுதிய பிறகு வேறு எதையும் எழுத வரவில்லை.

ஒன்றரை வருடத்தில் அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அண்ணியும் பிள்ளைகளும் அவனோடு போனார்கள். கணவனைப் பிரிந்து வந்து இவர்களோடு இருந்த அத்தையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கூடவே போனாள். வீட்டில் அம்மாவும் அவளும் மிஞ்சினார்கள். மூன்று வருடம் முடிந்தது. காலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டுக் காதைக் கொடுத்து நிற்பாள். தண்ணீர் நல்ல பிள்ளையாக இறங்கிப் போகும். கோடையில் கொல்லைப் புல் முழுக்க ஒரே மாதிரி காய்ந்து கிடந்தது.

நோட்டைத் தைக்கும் சிவப்பு நூலில் ஒரு முழம் வெட்டினாள். கழிப்பறை ஃப்ளஷ் டேங்கைத் திறந்து, தண்ணீர் நிறைந்ததும் மேலே வந்து வரத்தை அடைக்கும் மிதவையை, எழும்ப முடியாதபடி கட்டிவிட்டாள். தண்ணீர் இரவு பகலாகச் சன்னமாக வழிந்து குழிக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவள் கணக்கில் குழி என்பது குடம் மாதிரி. ஊற்றினால் நிறைய வேண்டும்.

இருபது நாளில் மதிலோரம் புல் துளிர்த்தது. ஒரு மாதத்தில் சத்தம் வந்தது.

“என்னடி பூனை, உள்ள யாரோ வாய் கொப்பளிக்கிறாங்க?” என்றாள் அம்மா.

“டேங்க் நிறைஞ்சிருக்கும்மா. நான் போன் பண்றேன்.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயா?”

பேச வேண்டியதை நோட்டில் எழுதி வைத்துப் படித்தாள். பாதியில் அவர், “எந்த வீடுங்க?” என்று குறுக்கே கேட்டார். அதற்கு நோட்டில் விடை இல்லை. “மூடியில கால் தடம் இருக்குமே, அந்த வீடு” என்றாள். அந்தப் பக்கம் லாரி இன்ஜின் அணைந்தது. பிறகு, “ஆமா. நாலு எட்டு” என்றது குரல்.

மறுநாள் காலை அவள் தலை வாரி, சமையலறை வாசலில் நின்றாள். லாரி வந்தது. காதோரம் அவருக்குக் கொஞ்சம் நரைத்திருந்தது. கடப்பாரையோடு கொல்லைக்கு வந்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகத் துவைக்கிற கல்லுக்குப் போய், முதுகைக் கொடுத்து நின்று, நாலு எட்டு வைத்துத் தோண்டினார்.

மூடியை நெம்பி ஒதுக்கி, வெள்ளைத் துணி சுற்றிய நீளக் கம்பை உள்ளே இறக்கி எடுத்தார். துணியின் அடியில் மட்டும் கறுப்பு.

“சகதி ஒரு சாண் கூட இல்லைம்மா. இப்ப எத்தனை பேர் இருக்கீங்க?”

“ரெண்டே பேருதான் தம்பி” என்றாள் அம்மா.

“அப்ப தண்ணிதான் எங்கயோ சும்மா ஓடிட்டே இருக்கு. தண்ணியை மண்ணுக்குள்ள இறக்குற உறிஞ்சுகுழி மூச்சு முட்டிப் போச்சு. இன்னும் ஒரு மாசம் இப்படியே விட்டிருந்தா புதுசா தோண்ட வேண்டி வந்திருக்கும்.”

அவர் காலைக் கழுவிக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். ஃப்ளஷ் டேங்க் மூடியைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வழிந்துகொண்டிருந்த தண்ணீர் ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நின்றது. வீடே காது அடைத்துப் போனதுபோல் இருந்தது.

“என்னப்பா கோளாறு?”

“மிதவை சிக்கிட்டிருந்துதும்மா. எடுத்து விட்டுட்டேன்.” அவர் வலது கை மூடியிருந்தது. விரலிடுக்கில் சிவப்பு கொஞ்சம் தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை.

“அப்ப இனி எப்பக் கூப்பிடணும்?”

“ரெண்டு பேருக்குப் பத்து வருஷம் தாராளமா தாங்கும்மா.”

“அப்ப உனக்குப் பேரன் பேத்தியே வந்துடும் தம்பி” என்று அம்மா சிரித்தாள். அவர் சிரித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வயது இருபத்திரண்டும், அந்தப் பத்தும். கணக்கு டீச்சர் கேட்டிருந்தால் இதற்காவது வாய் திறந்திருக்கலாம்.

அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் வாசற்படியில் இறங்கி ஒரு காலை மண்ணில் வைத்தாள். அவர் மூடியைப் போட்டார். கால் தடத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால், ஒவ்வொரு விரல் குழியாக வழித்தெடுத்தார். பிறகு மண்ணைத் தள்ளி மூடி மிதித்தார். மதிலோரம் கிடந்த ஒரு குச்சியை எடுத்து, மூடிக்கு நேர் மேலே ஊன்றி, கல்லால் இரண்டு தட்டு தட்டினார். கையிலிருந்த நூலைப் பிரித்துக் குச்சியின் தலையில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டார். இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நிமிர்ந்தபோது அவள் நிற்பதைப் பார்த்தார். அவள் உதடு பிரிந்தது. அவர் ஏதோ சொல்லப் போவதுபோலக் கடப்பாரையைக் கை மாற்றினார். பிறகு அதைத் தோளில் வைத்துக்கொண்டு, கல்லிலிருந்து குச்சி வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கவாட்டுச் சந்து வழியாக நடந்தார். லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. புல்லின் பச்சைக்கு மேலே நூலின் நுனி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.