துணைக்கு ஏறியவன்

நீலப் பட்டையை அக்காவின் மணிக்கட்டில் ஒட்டிவிட்டு, அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், அவங்களுக்குச் சுத்தமாகவே காது கேட்காதா என்று. எல்லோரும் அப்படித்தான். கேள்வி பரிமளா அக்காவைப் பற்றியதாக இருக்கும், பார்வை மட்டும் என்மேல் இருக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆமாம் என்றேன். அவருக்கும்தான் என்று பக்கத்தில் நின்ற அருண்குமாரைக் காட்டினேன். அவர் ஏற்கெனவே கையை நீட்டித் தயாராக நின்றார்.

திருமயத்துக்கு முன்னால், பைபாஸ் ஓரமாகப் போன வருஷம் திறந்த பார்க் அது. திங்கட்கிழமை மத்தியானம் என்பதால் கூட்டமே இல்லை. ஆளில்லாத பொம்மை ரயில் ஒன்று தன் பாட்டுக்கு வட்டமடித்துக்கொண்டிருந்தது. சிமெண்ட் யானை தும்பிக்கையால் தண்ணீரை மேலே வீச, அது கீழே வருவதற்குள் வெயில் குடித்துவிட்டது போலிருந்தது. எங்கும் பாட்டு. அக்காவுக்கும் அருண்குமாருக்கும் அந்தப் பாட்டு இல்லை. அது இல்லாவிட்டால் இந்த இடம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். தூக்கத்தில் வருகிற ஊர் மாதிரி இருக்கலாம்.

பட்டை ஒட்டிய பெண்ணின் பெயர் ரஞ்சிதா என்று சட்டையில் எழுதியிருந்தது. காது கேளாதவர்களுக்கு உதவ அந்தப் பார்க்கில் போட்டிருந்த ஆள் அவள்தான். கையில் ஒரு படத்தாள் வைத்திருந்தாள். தண்ணீர், கழிப்பறை, முதலுதவி என்று படங்கள். செல்போனைப் பார்த்து வணக்கத்துக்கும் நன்றிக்கும் சைகை கற்றிருந்தாள். ஒவ்வொரு தடவை எங்களைக் கடக்கும்போதும் நன்றி காட்டினாள். அக்காவும் மரியாதைக்குத் திருப்பிக் காட்டிக்காட்டிக் கை சலித்துப்போனாள்.

ராட்டினத்தின் அடியில்தான் சிக்கல் வந்தது. பெரிய ராட்டினம் அது. பெட்டிக்கு நாலு பேர், எதிரும் புதிருமாக உட்காரலாம். அக்காவும் அருண்குமாரும் ஏறப்போனபோது ரஞ்சிதா ஓடிவந்து மறித்தாள்.

"ரெண்டு பேரு மட்டும் போக முடியாது சார். காது கேக்குற ஆளு ஒருத்தர் தொணைக்கு ஏறணும். நடுவுல நின்னுச்சுன்னா மைக்குலதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?"

ஒருவருக்கொருவர் துணைதானே என்று கேட்டேன். ரூல் சார் என்றாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பலகையிலேயே எழுதிப்போட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அந்தப் பெட்டிக்குள் அவர்கள் இருவர் மட்டும் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தோம். அதற்குக் காரணம் நான் செய்த வேலை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அருண்குமார் வீட்டார் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அறந்தாங்கியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் காது கேட்காது என்பதால் பொருத்தம் தேடி வந்ததாக எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பூரிப்பு. அப்பா இல்லாத வீடு. மாமா வைத்ததுதான் சட்டம். கேசரி தீர்ந்து காபி வரும் நேரத்தில் மாமா என்னிடம், "என்னடா, அக்காவுக்குச் சம்மதம்தானான்னு கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டேன். யோசிக்க வேண்டும், அவரிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும் என்று அக்காவின் கைகள் சொன்னன. பதினைந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கும்பிடாத குறையாக நின்றாள். "சரிங்குது மாமா" என்று சொல்லிவிட்டேன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இதைவிட நல்ல இடம் எங்கே அமையப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்காவும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்ற சொல்லை உதட்டில் படிப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. அருண்குமாரும் அவள் கைகளைப் பார்த்திருந்தார். சுற்றிலும் சிரிப்பும் கைகுலுக்கலுமாக இருக்க, அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சாப்பிட்டேன். ஆனால் அக்கா ஒன்பது நாள் என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் சண்டை என்றால் அதுதான். கண்ணை மூடிவிட்டால் அதற்குமேல் நாம் என்ன கையை ஆட்டினாலும் போய்ச் சேராது. சின்ன வயதில் அவள் இமைகளை விரலால் பிரித்துவைத்து என் நியாயத்தைச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அந்தத் துணிச்சல் இல்லை.

பத்தாம் நாள் அவளே வந்து நின்றாள். வியாழக்கிழமை நிச்சயதார்த்தம், அதற்கு முன் நான் அவரைப் பார்க்க வேண்டும், நம் வீட்டிலும் வேண்டாம் அவர் வீட்டிலும் வேண்டாம் என்றாள். வீடியோவில் பேசலாமே என்றேன். போனில் முகம்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றாள். அக்கா இன்னும் சரி சொல்லவில்லை என்பதை அம்மாவிடம் ஒப்புக்கொண்டு, நான் துணைக்குப் போவதாகச் சொல்லி அனுமதி வாங்கினேன். துணை, துணை என்று அந்த வார்த்தை கடைசியில் ராட்டினம் வரைக்கும் வந்துவிட்டது.

அக்கா கொஞ்ச நேரம் ராட்டினத்தையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஏறு, ஆனால் கண்ணை மூடிக்கொள், நான் தோளில் தட்டும் வரை திறக்காதே என்றாள்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே அருண்குமார். கதவைச் சாத்தியதும் கண்ணை மூடினேன். பெட்டி மெல்லக் கிளம்பியது.

கீழேயிருந்த பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பொரித்த எண்ணெய் வாசனை போய், கண்மாய்க் காற்று வந்தது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியவில்லை. இமைக்குள் வெயில் சிவப்பாக ஏறியது, மறைந்தது, மறுபடி ஏறியது. அக்காவின் வளையல்கள் பேச ஆரம்பித்தன. அவள் கை அசையும்போதெல்லாம் முழங்கை என் விலாவில் உரசியது. எது நீளமான பேச்சு, எது சின்னப் பேச்சு என்று தெரிந்தது. என்ன பேச்சு என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் சொன்ன அத்தனையையும் பார்த்தவன் நான். அவளுக்கென்று ஒரு ரகசியம்கூட இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது.

வளையல் நின்றது. கேள்வி முடிந்துவிட்டது போலும். எதிரே சட்டைத் துணி சரசரத்தது. நெடுநேரம் சரசரத்தது. அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்தறிய முடியாத சத்தம். கண்ணைத் திறந்து பார்த்துவிடலாம் என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த நேரம் பெட்டி நின்று லேசாக ஆடியது. கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் போட ஐந்து நிமிஷம் ஆகும், யாரும் பயப்பட வேண்டாம் என்று கீழே கைமைக்கில் யாரோ சொன்னது சன்னமாகக் கேட்டது. இதைச் சொல்லத்தானே நான் ஏறியிருக்கிறேன். கண்ணைத் திறந்தால் வாக்குத் தவறும், சொல்லாவிட்டால் வேலை தவறும். கண்ணை மூடியபடியே இரண்டு கையையும் தூக்கி, நின்றுவிட்டது, ஐந்து நிமிஷம், பயப்படாதே என்று காற்றில் சொன்னேன்.

ஒரு கை என் கைகளைப் பிடித்தது. அக்காவின் கை இல்லை. விரல் நுனிகள் கடையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டுக் காய்த்திருந்தன. அந்தக் கை என் கைகளை மெதுவாக இறக்கி மடியில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. அவர்களுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. மோட்டார் நின்றால் காலடியில் அதிர்வு நிற்கும். மைக் அதற்குப் பிறகுதான் வரும்.

கீழே வந்து கதவு திறந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். தோளில் தட்டு விழுந்தது. திறந்தபோது வெளிச்சத்தில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அக்காவின் முகத்தில் எனக்கு எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை. ரஞ்சிதா ஒரு மஞ்சள் குடையோடு மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"நான் கீழருந்து குடையை ஆட்டிக்கிட்டு நிக்கிறேன். நீங்க பயந்து போயி கண்ண மூடிட்டீங்க. அவங்கதான் சார், பயப்படாதீங்கன்னு எனக்குக் கையக் காட்டுனாங்க."

அக்கா இன்னொரு சுற்று வேண்டும் என்று விரலைக் காட்டினாள். அது ரஞ்சிதாவுக்கு நானில்லாமலே புரிந்தது. பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க எறங்குங்க சார், நான் குடையோட நிக்கிறேன். நின்னுச்சுன்னா விரிக்கிறேன். அவங்களே பாத்துக்குவாங்க" என்றாள். கதவைச் சாத்தும் ஆளிடம் தான் பொறுப்பு என்று சொன்னாள்.

நான் இறங்குவதற்கு முன் அக்கா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். சாயங்காலம் மாமாவிடம் நான் சொல்வேன், நீ வாயால் சொல்ல வேண்டும், நான் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும் என்றாள். அப்படியே என்றேன். தாடையை விடவில்லை. என் உதட்டில் அவள் படிக்கும்படி ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் விட்டாள்.

பெட்டி கிளம்பியதும் போன் அடித்தது. அம்மா.

"என்னடா சொல்லுச்சு? மாமா வந்து ஒக்காந்திருக்காரு."

"இன்னும் சொல்லலம்மா."

"சரின்னுதானடா சொல்லும்? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. அது சொன்னாத்தான் தெரியும்" என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்திலும் அக்காவின் கைகள் தெரிந்தன. குரல் அவ்வளவு தூரம் வராது, கை வரும். இன்னும் ஒரு நொடி பார்த்திருந்தால் படித்திருப்பேன். சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் வெயில் சாய்ந்திருந்தது. முன்னால் புல்தரையில் ராட்டினத்தின் நிழல் நீளமாகக் கிடந்து சுற்றியது. பெட்டிகளின் நிழல் ஒவ்வொன்றாகப் புல்லின் மேல் ஊர்ந்து போனது. ஒரு பெட்டிக்குள் மட்டும் ஏதோ அசைந்தது. அந்த நிழலில் விரல்கள் இல்லை, சொற்கள் இல்லை, வெறும் அசைவு. அது ஊர்ந்து வந்து என் நிழலின் மேல் ஏறியது, கொஞ்ச நேரம் அங்கேயே அசைந்துகொண்டிருந்தது, பிறகு என்னைக் கடந்து போனது.