திரும்பிப் போ என்று நான் சொன்னது

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசக்கூடிய ஒரே இடம் குளியலறைதான். கூடத்தில் பிள்ளைகள் இருவரும் தூங்குவார்கள். இரவு வேலை முடித்து வந்த கணவர் உள்ளே அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் வேதாகமத்தை விரித்துவைத்துக்கொண்டு, கைபேசியில் பேசிப் பதிவு செய்வேன். அன்றைக்கு வாசிக்க வேண்டிய பகுதி, அதில் எனக்குத் தோன்றியது, கடைசியில் ஒரு சின்ன ஜெபம். மொத்தம் ஐந்து நிமிடம். எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதைக் கேட்பார்கள். சுவரில் மோதி வரும் என் குரலைக் கேட்டுவிட்டு, "தனியா ஜெப அறையே கட்டியிருக்கீங்களா சிஸ்டர்?" என்று விசாரித்தவர்களும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்பு, வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஒரே ஒரு வாரம் சமாளிங்க சிஸ்டர்" என்றார் சபைச் செயலாளர். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. ஒரு நாள் தவறினால் ஏழு மணிக்குள் நாலு பேர் கூப்பிட்டுவிடுவார்கள். "உடம்புக்கு முடியலையா, இல்லே ஆவியில சோர்வா?" இதற்குப் பயந்தே காய்ச்சலிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாளியில் உட்கார்ந்திருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த மூன்று வருடத்தில் எனக்கென்று ஓர் அதிகாரம்கூட நான் வாசிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தாலே, இன்றைக்கு எதைச் சொல்லலாம் என்றுதான் கண் தேடும். விருந்துக்குச் சமைக்கிறவர் உப்புப் பார்க்க நாக்கில் ஒரு சொட்டு வைப்பாரே, அப்படி. அதில் வயிறு நிறையுமா? நெருடலான வசனங்களை மீன் முள்ளைப் போல ஒதுக்கிவிட்டு, சுலபமாக விழுங்கக்கூடியதைப் பிறருக்குப் பரிமாறுவேன்.

"விட்டுடலாம்னு இருக்குங்க" என்று ஒருநாள் கணவரிடம் சொன்னேன்.

"எப்படி விடுவே? வாசல்ல முந்நூறு பேர் நிக்குறாங்க. நம்ம வீட்டுக்குப் பின்கதவும் கிடையாது" என்றார் அவர். சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாளும் ஐந்தரைக்கு வாளியைக் கவிழ்த்துப் போட்டேன்.

நான் ஒரு மருத்துவமனையில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. கையை நீட்டச் சொல்லி, ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து ஊசியை ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது கைகளாவது வரும். முகங்கள் மறந்துபோகும், நரம்புகள் மறக்காது.

அன்றைக்கு வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தையல்கடையில் வேலையாம். அடிக்கடி மயக்கம் வருகிறது என்று மருத்துவர் அனுப்பியிருந்தார். "கையை நல்லா மூடித் திறங்கம்மா" என்றேன். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"நீங்க காலை அக்காதானே? குழுவுல பேசுற அக்கா! இந்தக் குரல் எனக்குத் தெரியாதா?"

அவள் முகம் மலர்ந்தது. நானும் சிரித்துக்கொண்டே அவளுடைய நீளமான சட்டைக்கையை மேலே ஏற்றினேன். பட்டை கட்டும் இடத்தில் நாலு விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. அதற்குக் கீழே, ஆறிக்கொண்டிருக்கும் பழைய காயத்தின் மஞ்சள். மற்றக் கையைப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான்.

"பரவாயில்லக்கா, கட்டுங்க" என்றாள். "உங்க பேச்சைக் கேட்டுத்தானே இதையெல்லாம் தாங்கிக்கிறேன்."

"நான் என்னம்மா சொன்னேன்?"

"எஜமானி கொடுமை தாங்காம ஓடிப்போன அடிமைப் பொண்ணைப் பத்திச் சொன்னீங்களே. அன்னைக்கு நான் பையெல்லாம் கட்டி வச்சுட்டேன். முதல் பஸ்ஸுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு. போறதுக்கு முன்னாடி உங்க பேச்சைக் கேட்டுட்டுப் போவோம்னு போட்டேன். 'திரும்பிப் போ, அங்கேதான் உன் ஆசீர்வாதம்'னு சொன்னீங்க. அப்படியே எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. துணியெல்லாம் எடுத்துத் திரும்ப அலமாரியில அடுக்கிட்டேன்."

"எப்போ?"

"எட்டு மாசம் ஆச்சு."

எனக்கு நினைவுக்கு வந்தது. பெரியவளுக்குப் பள்ளியில் பரீட்சை, நாலே நிமிடத்தில் பேசி முடித்த நாள். வனாந்தரத்துக்கு ஓடியவளைத் தேவதூதன் திரும்பிப் போகச் சொல்கிற பகுதி. வாசித்தபோது எனக்கும் அது தொண்டையில் சிக்கத்தான் செய்தது. ஏன் சிக்குகிறது என்று யோசிக்க நேரமில்லாமல், ஆசீர்வாதம் என்று பூசி மெழுகிவிட்டேன். 'அங்கேதான் உன் ஆசீர்வாதம்' என்ற பேச்சே அந்த அதிகாரத்தில் கிடையாது. அது முழுக்க என் சொந்தச் சரக்கு.

காயத்தின் மேல் பட்டையைக் கட்ட மனமில்லாமல் புறங்கையில் ரத்தம் எடுத்தேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன்.

அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. அது தப்புன்னா, நான் இந்த எட்டு மாசம் பட்டதெல்லாம் எதுக்கு?"

வெளியே அவள் கணவன் டோக்கனோடு காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, சட்டைக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வேதாகமத்தை எடுத்தேன். அந்த அதிகாரத்தில் நிற்காமல் மேலே மேலே வாசித்துக்கொண்டு போனேன். ஐந்து அதிகாரம் தள்ளி அதே பெண் மறுபடி வனாந்தரத்தில் நிற்கிறாள், இந்த முறை பிள்ளையோடு. தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. பிள்ளை சாவதைக் காணச் சகிக்காமல் தூரமாக உட்கார்ந்து அழுகிறாள். அவள் கண் திறக்கப்படுகிறது, எதிரே ஒரு கிணறு. இந்த முறை அவளைத் திரும்பிப் போகும்படி யாருமே சொல்லவில்லை. இந்தப் பகுதி வந்த நாளிலும் நான்தான் பேசினேன். வயதான காலத்தில் பிள்ளை பெற்ற எஜமானியின் சந்தோஷத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, இவளைப் பக்கத்தோடு சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

மறுநாள் காலை பதினொரு நிமிடம் பேசினேன். எட்டு மாதத்துக்கு முன்பு நான் சொன்னது தவறு என்றேன். அடி வாங்கிக்கொண்டு கிடப்பதற்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைத்தவள் நான்தான், வேதம் அல்ல என்றேன். பிறகு கிணற்றைப் பற்றிச் சொன்னேன். குழுவில் போட்ட அரை நிமிடத்துக்குள் நாற்பது ஆமென்கள் வந்து குவிந்தன. பதினொரு நிமிடப் பேச்சை அரை நிமிடத்தில் கேட்டு முடித்திருந்தார்கள்! கால் மணி நேரத்தில் செயலாளர் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இன்னைக்குப் பகுதி சங்கீதம். நீங்க எங்கேயோ போயிட்டீங்க."

"தப்பாச் சொன்னதைத் திருத்தினேன் பிரதர்."

"தப்புன்னு யாராவது புகார் பண்ணாங்களா? குடும்பம் குடும்பமாக் கேக்குற குழு இது. நாளைக்கு நாலு பேர் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினா யார் பதில் சொல்றது?"

"ஒருத்தி எட்டு மாசமாத் தூக்காம இருக்காளே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

"அதைக் குழுவுலேர்ந்து நான் எடுத்துட்டேன். ஏழு மணிக்குள்ள சங்கீதத்தை மட்டும் பேசி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் அனுப்பவில்லை. கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பதினொரு மணிவாக்கில், ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் நான் இருந்தபோது, அவள் கணவன் அதை வாங்க வந்தான். தேய்த்த சட்டை, பணிவான பேச்சு.

"நீங்கதான் காலை அக்கான்னு வீட்ல சொன்னா. ரொம்ப சந்தோஷம். அந்தத் திரும்பிப் போகச் சொல்ற பேச்சு இருக்கே, அதை மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன். வீட்ல சத்தம் கித்தம் வந்தா உடனே போட்டு விட்டுடுவேன். அடங்கிடுவா."

சொன்னதோடு நிற்காமல் கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினான். ஜன்னலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து என் குரல் வந்தது. கனிவாக, அவசரமே இல்லாததுபோல, திரும்பிப் போ என்றது. வரிசையில் நின்ற ஓர் அம்மாள் நல்ல வார்த்தையைக் கேட்டவர்போலத் தலையை ஆட்டினார். செயலாளரால் அழிக்க முடிந்தது என் திருத்தத்தைத்தான். இதை யாராலும் அழிக்க முடியாது. நாளையிலிருந்து நான் வாயே திறக்காவிட்டாலும், அந்த வீட்டில் நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினேன். அவன் போட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

நோயாளியின் எண்ணை எடுத்து நாமாகக் கூப்பிடக்கூடாது. தெரிந்தால் வேலை போய்விடும். பதிவேட்டைப் பார்த்து, அணைத்து வைத்திருந்த கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினேன். தையல் மிஷின்களின் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"அக்காவா? காலையில கேட்டேன். நாலு நிமிஷம் ஓடினதும் அவர் முழிச்சுட்டார், நிறுத்திட்டேன். அப்புறம் பார்த்தா குழுவுல இல்ல."

"எதுவரைக்கும் கேட்டீங்க?"

"பிள்ளையை விட்டுட்டுத் தூரமாப் போய் உட்கார்ந்து அழுதாள்னு சொன்னீங்க. அதுவரைக்கும்."

மீதியைச் சொன்னேன். எனக்குப் பேசவே தெரியவில்லை, தட்டித் தடுமாறித்தான் சொன்னேன்.

"கிணறு பக்கத்துலயேதான் இருந்துச்சாக்கா?"

"பக்கத்துலயேதான்."

"அப்புறம் திரும்பிப் போனாளா?"

"போகலைம்மா."

"சரிக்கா. முதலாளியம்மா பாக்குறாங்க" என்று வைத்துவிட்டாள்.

காலைப் பேச்சை அத்தோடு விட்டேன். பத்து நாள் குழுவில் எனக்காக ஜெபித்தார்கள். பதினோராம் நாள் வேறொருவர் பேசத் தொடங்கினார். நல்ல கணீர்க் குரல். இப்போது சமையலறையில், உலை கொதிக்கிறவரைக்கும் வாசிக்கிறேன். பல நாள் ஒன்றும் தோன்றுவதில்லை. அவன் கைபேசியில் இருக்கும் குரல் மட்டும் அவ்வப்போது காதில் விழுகிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து அவள் கூப்பிட்டாள். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாளாம். அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வாசலில் நிற்கிறானாம்.

"இங்கேயே இருந்துடுவேனான்னு தெரியலக்கா. இப்போதைக்கு இருக்கேன்" என்றாள். இரு என்றும் போ என்றும் நான் சொல்லவில்லை.

"ரிப்போர்ட் அவர்கிட்டயே மாட்டிக்கிச்சு. இங்க டாக்டர் கேக்குறாங்க. இன்னொன்னு கிடைக்குமா?"

"கிடைக்கும்மா" என்று சொல்லி, அவளுடைய பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.