பூங்கொத்தில் இருந்த கோரை

நகராட்சிப் பொறியாளருக்கு ஒரு வியாதி உண்டு. மேலதிகாரி வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், அசையாமல் இருக்கிற எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிடுவார். மரத்துக்கு, குழாய்க்கு, வழியோரக் கல்லுக்கு. ஒருமுறை அடித்து முடித்த கல் எழுந்து நடந்து போனபோதுதான் அது ஆமை என்று தெரிந்தது.

இந்தப் பெருமகனுக்கு மைத்துனன் மனைவியாக வாய்த்தவள்தான் நம் செடிக்காரி. கல்லூரியில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, விவரம் எழுதி, அலமாரியில் அடுக்குவது அவள் வேலை. குடும்பத்தில் யாரும் அதை ஒரு வேலையாக ஒப்புக்கொண்டதில்லை. "காய்ஞ்ச புல்லை ஒட்டவா அவ்வளவு படிச்சே?" என்று நாத்தனார், அதாவது பொறியாளரின் மனைவி, சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பாள்.

அவள் அப்போது ஒட்டிக்கொண்டிருந்தது புல் இல்லை, கோரை. புல்லின் தண்டை விரலிடுக்கில் வைத்தால் சுகமாக உருளும். இந்தக் கோரைத் தண்டு முக்கோணம், உருட்டினால் உறுத்தும். தண்டுக்குள் காற்றறைகள் இருப்பதால் வேர் சேற்றுக்குள்ளேயே கிடந்தாலும் மூச்சு முட்டாது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த சதுப்புப் பள்ளத்தில், கழிவோடு வந்த தண்ணீரை வடிகட்டிக்கொண்டு, தவளை முட்டைக்கு நிழல் கொடுத்துக்கொண்டு, ஒருவரையும் ஒன்றும் கேட்காமல் அது வளர்ந்துகொண்டிருந்தது. அதைத் தூர்த்து வாகன நிறுத்தம் கட்டப் பொறியாளர் வரைபடத்தோடு தயாராக இருந்தார்.

பள்ளம் பிழைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அங்கே வளர்வது வேறெங்கும் காணாத வகை என்று நிரூபித்தால் தூர்க்கத் தடை. கோரையில் வகைக்கு வகை வித்தியாசம் கடுகளவு காயில்தான் இருக்கும். இந்த வகைக் காயின் முதுகில் ஒரு சின்னக் குழி. ஆண்டுக்குப் பத்து நாள் பழுத்து நிற்கும், பிறகு தண்ணீரில் உதிர்ந்துவிடும். சென்ற ஆண்டுக் காயை அவள் காட்டியபோது பொறியாளர், "இது எங்க பொறுக்கினதோ, யாருக்குத் தெரியும்?" என்று ஈரநிலத் துறைக்கு எழுதியே கொடுத்துவிட்டார். ஆகவே, பள்ளத்தில் பறித்ததுதான் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கிற காய் வேண்டும் என்றார் ஈரநிலத் துறை அதிகாரியம்மா. செவ்வாய்க்கிழமை காலை நேரில் வருவதாகவும் சொன்னார். அதை விட்டால் அடுத்த ஆண்டுதான். அதற்குள் அங்கே வண்டிகள் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை செடிக்காரி விடிந்ததும் போய்ச் சேர்ந்தாள். பள்ளம் மொட்டையடித்துக் கிடந்தது. ஒரு பக்கம் விடாமல் வெட்டி, அள்ளி, லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஓரக் கற்கள் பளிச்சென்று வெள்ளையில் நின்றன. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒரு கதிராவது தப்பியிருக்காதா என்று முட்டிக்காலில் தேடினாள். முக்கோண முக்கோணமாக வெட்டுத் தண்டுகள்தான் ஆயிரக்கணக்கில் இருந்தன. அடியில் வேர் இருந்தது, மறுபடி தழைக்கும்; காய்தான் இல்லை.

"என்னம்மா, ஏதாவது தொலைச்சிட்டியா?" கரையில் பொறியாளர், சலவை மடிப்புக் கலையாமல் நின்றார்.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"

"அம்மா வர்றாங்களே. காடா கிடந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? உன் செடி எதுன்னு எனக்குத் தெரியாது. அதான் வித்தியாசம் பாக்காம எல்லாத்தையும் வெட்டச் சொல்லிட்டேன்."

இதில் சூது எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. அந்த முகத்தில் சுத்தம் செய்த திருப்தியைத் தவிர வேறொன்றும் இல்லை. திட்டு வாங்கவும் ஒரு தகுதி வேண்டும் என்று அவள் மறுபடியும் சேற்றில் குனிந்து தேடினாள்.

அதிகாரியம்மாவின் ஜீப் வந்தது. பொறியாளர் ஓடிப்போய் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பூங்கொத்தை எடுத்து நீட்டினார். நடுவில் நாலு ரோஜா. சுற்றிலும், ஒல்லியான தண்டுகளின் நுனியில், பழுப்பேறிய கதிர்கள்.

அவை கோரைக் கதிர்கள் என்று செடிக்காரிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. சேற்றுக் கையோடு கரையேறினாள். அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"பூங்கொத்து அழகா இருக்குண்ணா," என்றாள். "எந்தக் கடையில வாங்கினீங்க?"

பொறியாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடையா? ரோஜாதான் கடையில வாங்கினது. இந்தக் கதிரெல்லாம் நேத்து சாயங்காலம், வெட்டு மிஷின் இறங்கறதுக்கு முன்னாடி, இதே பள்ளத்துல நானே இறங்கிப் பறிச்சேன். ஷூ நனைஞ்சு போச்சு. கூட நின்ன ஆளுங்களக் கேட்டுப் பாரு."

பக்கத்தில் நின்ற அந்த ஆட்கள் தலையாட்டினார்கள். அதிகாரியம்மா ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"முதுகுல குழி இருக்கு," என்றார். பிறகு பொறியாளரிடம் திரும்பி, "நீங்களேதான் பறிச்சீங்க, இல்லையா?"

"என் கையாலயே, மேடம்."

செடிக்காரி பையிலிருந்து, தாளில் செடியோடு ஒட்டுகிற விவர அட்டையை எடுத்தாள். எங்கே, எந்த நாள் என்பதை அவளே நிரப்பினாள். 'சேகரித்தவர்' என்ற இடத்தைக் காலியாக விட்டு, பேனாவை அவரிடம் நீட்டினாள். தன் பெயர் அலமாரியில் ஏறப்போகிற பூரிப்பில் அவர் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். கடைசிப் புள்ளியை வைத்த பிறகுதான் ஏதோ உறைத்தது.

"அப்போ நம்ம வாகன நிறுத்தம்?"

"மை காயட்டும், கையை எடுங்கண்ணா," என்றாள் செடிக்காரி.