நூறு நாள் முடி

காலையில் கண் விழித்ததும் மனோவா பாயில் மல்லாந்தபடியே வலது குதிகாலைத் தன் பக்கமாக இழுப்பான். அம்மா முடைந்த பாயில் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடின. சுவா நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று குதிகால் இரண்டாம் கோட்டைத் தொடவில்லை. இன்று ஆறாம் கோட்டைத் தாண்டிவிட்டது. முட்டிக்குள் மெல்லிய இறுக்கம், அவ்வளவுதான். வலி என்று சொல்ல முடியாது.

ஆனால் படுத்துக்கொண்டு மடக்குவது வேறு, உட்கார்ந்து மடக்குவது வேறு. டாக்டர் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். முட்டி எலும்புகளுக்கு நடுவே பிறை மாதிரி ஒரு மெத்தை இருக்கிறது, அது கிழிந்திருக்கிறது. கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டால் சில வாரத்தில் ஊர் திரும்பலாம், முட்டி சீக்கிரம் தேயும். தைத்தால் நாலு மாதம் பொறுக்க வேண்டும், முட்டி நிலைக்கும். நாலு மாதம் முடியும்வரை குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது. முறுக்கினால் தையல் பிரியும்.

மனோவா அன்று மாமாவுக்குப் போன் செய்து கேட்டான். கிதியோனே மாமா யோசிக்கவே இல்லை.

"தைக்கச் சொல்லுடா. உங்கம்மா கிழிஞ்ச துணிய என்னிக்காவது வெட்டித் தூக்கிப் போட்டிருக்காளா?"

அதுதான் மாமாவிடம் கடைசியாகக் கேட்ட பேச்சு. தையல் போட்ட மறுநாள் காலை, படகு என்ஜினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று சேதி வந்தது. ஊர் இருக்கும் கோரோ தீவுக்குக் கப்பல் வாரத்துக்கு ஒருமுறைதான். கப்பல் இருந்திருந்தாலும் பயனில்லை. மனோவாவின் கால் இரும்புப் பட்டைக்குள் நீட்டியபடி இருந்தது.

ஆறு வாரம் கழித்து அவன் ஊன்றுகோலோடு வந்து இறங்கியபோது மாமாவின் புதைமேட்டில் மணல் காய்ந்து வெளுத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஊரில் எல்லாமே தரையில் நடக்கிறது என்பது அவனுக்கு உறைத்தது. சாப்பாடு தரையில். ஜெபம் தரையில். பேச்சு, சண்டை, சமாதானம், வேரை இடித்துக் கரைத்த யங்கோனா குடிப்பது எல்லாம் பாயில், சம்மணத்தில். காலை நீட்டி ஒருவர் முகத்துக்கு நேராகப் பாதத்தைக் காட்டுவது அவரை அறைவதற்குச் சமம். நாற்காலி போட்டுக்கொள்ளலாமென்றால், பெரியவர்கள் தரையில் இருக்கையில் யாருடைய தலையும் அவர்கள் தலைக்கு மேலே இருக்கக் கூடாது.

ஆகவே அவன் வீட்டிலேயே இருந்தான். பள்ளிக்கூட வாத்தியாரிடம் அம்மா கேட்டு வாங்கி வந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து மரவள்ளிக்கிழங்கைத் தின்றான். கீழே பாயில் அம்மா சாப்பிடுவாள். அப்பா மீன்பிடிக் கப்பலில், வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். ஆக அந்த வீட்டில் இரண்டே பேர், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. நாற்காலியிலிருந்து பார்த்தால் அம்மாவின் உச்சந்தலைதான் தெரிந்தது. அதில் இவ்வளவு நரை இருப்பதை அவன் முன்பு கவனித்ததில்லை.

சாயங்காலம் மாதா கோவிலுக்குப் பின்னால் பந்தாட்டப் பயிற்சி நடக்கும். விசில் கேட்கும். பிறகு பையன்கள் ஜோபே வீட்டுக் கொட்டகையில் கூடுவார்கள். சிரிப்பு காற்றில் வரும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் வந்து சேராது.

ஜோபே கிதியோனே மாமாவின் மூத்த மகன், மனோவாவுக்கு மச்சான். இந்தத் தீவுகளில் மச்சான் முறை என்பது ஒரு லைசென்ஸ். ஊரார் நடுவில் வேட்டியை உருவலாம், செத்த எலியைப் படுக்கையில் போடலாம், கேட்பாரில்லை. இருவரும் இருபத்துநாலு வருஷமாக அதைக் குறைவில்லாமல் செய்துவந்தார்கள். மனோவா திரும்பி வந்த அன்று ஜோபே வந்தான். டீ குடித்தான். "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டான். ஒரு கிண்டல் இல்லை. பாதி டீயில் எழுந்து போனவன் அப்புறம் வரவே இல்லை. கிண்டல் செய்யாத மச்சானைப் பார்த்தபோதுதான் மனோவாவுக்கு உண்மையாகவே பயமாயிற்று.

தாய்மாமனின் குழியில் முதல் பிடி மண் போட வேண்டியவன் அக்கா மகன். அந்த மண்ணை ஜோபேயே போட்டான்.

"இந்த முடிய வெட்டித் தொலையேன்டா. தலையில தேங்காய் மட்டை முளைச்ச மாதிரி," என்று அம்மா லைசானி தினமும் சொல்வாள். அவள் தையல்காரி. ஊரில் கூரான கத்தரிக்கோல் அவளிடம் மட்டுமே இருந்தது. "சுவாவுல இதுதான் ஃபேஷனா? உன் மாமன் பாத்திருந்தா தூக்கிக் கடல்ல போட்டிருப்பான்."

மனோவா பதில் சொல்வதில்லை.

சொல்ல ஒன்று இருந்தது. யாராவது இறந்தால் நெருங்கியவர்கள் நூறு நாளைக்கு ஏதோ ஒன்றை விலக்கி வைப்பார்கள். ஒருவர் மீன் தொடமாட்டார், ஒருவர் யங்கோனா குடிக்கமாட்டார், சிலர் முடி வெட்டமாட்டார்கள். ஜோபே முடியை விட்டிருந்தான். ஆனால் அடக்கம் முடிந்த நாலாம் நாள், யங்கோனா வேர்க்கட்டைப் பெரியவர்கள் முன் வைத்து, ஊரறியச் சொன்னால்தான் அது விரதம். மனோவா அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தான். வியாழக்கிழமை வார்டுக்கு வந்த நாவிதரிடம் வேண்டாமென்று தலையாட்டினான். அவன் விரதம் தொடங்கியது அந்தத் தலையாட்டலில். ஊருக்கு வந்தபின் சொல்லலாமென்று நினைத்தான். சொல்லவேண்டுமானால் பெரியவர்கள் முன் போய் உட்கார வேண்டும்.

விரதக்காரர்கள் ஊர் நடுவில் முடி வெட்டிக்கொள்ளும் நூறாம் நாள் சனிக்கிழமை வந்தது.

மாமா வீட்டின் முன் தகரப் பந்தல் போட்டுப் பாய்களை விரித்திருந்தார்கள். மண்ணடுப்பிலிருந்து புகையும் பன்றிக்கறி வாசனையும் எழுந்தன. அம்மா விடியும் முன்னே போய்விட்டாள். மனோவா சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் நாற்காலியைத் தூக்கியபடி மெதுவாக நடந்து போனான்.

பந்தலின் கடைசியில் நாற்காலியைப் போட்டு வலது காலைச் சற்று நீட்டி உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் போனிபாத்தே கிழவர் வந்து அவனுக்கு முன்னாலிருந்த பாயில் அமர்ந்தார். அமர்ந்தவர் திரும்பிப் பார்த்தார். இருமினார். மனோவா எழுந்து நாற்காலியைப் பந்தலுக்கு வெளியே நகர்த்தினான். அங்கே பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் புதிதாகப் பாய் விரித்தார்கள். அவன் கிணற்றடிக்குப் போனான். கிணற்றடியில் பெண்கள் சேம்பங்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார்கள், அதில் பெரியம்மாக்களும் இருந்தார்கள். மறுபடியும் எழுந்தான். இப்படியே நகர்ந்து நகர்ந்து கடைசியில் கடற்கரை ஓரமாக, மாமாவின் படகைக் கவிழ்த்து வைத்திருந்த ஈரப்பலா மரத்தடிக்கு வந்து சேர்ந்தான். இங்கே அவனுடைய தலை யார் தலைக்கும் மேலே இல்லை. படகின் அடிப்பாகத்துக்கு மட்டும் மேலே இருந்தது.

பந்தலில் பெரிய மரத்தொட்டியில் யங்கோனா கரைத்தார்கள். கைதட்டும் சத்தம் கேட்டது. குழிந்த கைகளின் கனத்த மூன்று தட்டுகள். அவனும் மடியில் வைத்தே மூன்று முறை தட்டினான்.

பந்தாட்டத்தில் முட்டி கிழிந்த அன்று மைதானத்திலிருந்து இந்த மரத்தடி வரைக்கும் மாமாதான் அவனை முதுகில் தூக்கி வந்தார். தொண்ணூறு கிலோ. "ஒரு காலுக்கு இந்தக் கனம்னா ரெண்டும் போயிருந்தா என் கதி என்னடா?" என்று மூச்சு வாங்கச் சிரித்தார். அந்த முதுகின் சூடும் வியர்வையும் மனோவாவின் நெஞ்சில் படகு ஏறும்வரை ஒட்டியிருந்தன.

சட்டைப் பையில் கத்தரிக்கோல் குத்தியது. பந்தலில் முடி வெட்டத் தொடங்கும்போது, இங்கே, மரத்துக்குப் பின்னால், தானும் ஒரு பிடி வெட்டிக் கடலில் போட்டுவிடலாமென்று முந்தின ராத்திரியே அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தான். அங்கே வெட்டப்போவதும் அம்மாதான், இறந்தவரின் அக்கா என்ற முறையில். அவளுக்கும் இதே கத்தரிக்கோல்தான் வேண்டும் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பந்தலில் சலசலப்பு. அம்மா பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். "இங்கதான வச்சேன்! ஜோபே, ஓடு, எங்க வீட்டு ஜன்னல்மேல பாரு!"

ஜோபே குனிந்து, "துலோ, துலோ" என்று பெரியவர்களிடம் வழி கேட்டுக்கொண்டே பந்தலை விட்டு வெளியே வந்து, மரத்தடி வழியாக ஓடினான்.

"மச்சான்," என்றான் மனோவா. "வீட்ல இல்ல. இந்தா."

ஜோபே கத்தரிக்கோலைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். நூறு நாள் தாடிக்குள் ஜோபேயின் முகம் அவன் அப்பாவின் முகம் போலவே ஆகியிருந்தது.

"அங்க எல்லாரும் தேடுறாங்க. நீ பாக்கெட்ல வச்சிக்கிட்டுக் காத்து வாங்குற?"

"வெட்டி முடிச்சதும் திருப்பிக் குடுத்துரு. எனக்கும் வேணும்."

"உனக்கு எதுக்கு? சுவா ஸ்டைல் கெட்டுப் போயிராது?"

மனோவா கடலைப் பார்த்தான். ஜோபே போக இரண்டடி வைத்தவன் நின்றான்.

"கடைசியா எப்ப வெட்டுன?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி. மாமாதான் வெட்டிவிட்டாரு. ஒரு பக்கம் கோணலா."

ஜோபே மனதுக்குள் எண்ணுவது உதட்டில் தெரிந்தது.

"யார்கிட்ட சொன்ன?"

"பக்கத்துக் கட்டில்ல ஒரு தாத்தா இருந்தாரு. அவர்கிட்ட."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவருக்குக் காது கேக்காது."

ஜோபேக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "சொல்லாத விரதம் விரதமாடா?"

"இல்லதான்."

"வந்து இத்தன நாளாச்சே, சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"எங்க உக்காந்து சொல்றது?" என்றான் மனோவா. குரல் அவன் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "வாசலோட நின்னு கத்தவா? ஒரு வீட்லகூட என்னால உக்கார முடியலடா."

ஜோபே கவிழ்ந்த படகின் மேல் கையை வைத்தான். பிறகு, "எந்திரி," என்றான்.

"சம்மணம் போட்டா தையல் பிரிஞ்சிரும் மச்சான்."

"சம்மணம் போடச் சொன்னேனா? எந்திரின்னுதான சொன்னேன். காதும் போயிருச்சா, அந்தத் தாத்தா மாதிரி?"

பந்தலுக்குள் மனோவாவால் முறைப்படி குனிந்து நடக்க முடியவில்லை. எல்லாத் தலைகளுக்கும் மேலே நெடுமரமாக, முகம் எரிய, ஜோபேயின் தோளைப் பிடித்தபடி நடந்தான். விரதக்காரர்களின் வரிசைக்கு வந்ததும் ஜோபே ஊர்த்தலைவரை நோக்கி உட்கார்ந்து கைதட்டிவிட்டுச் சொன்னான். ஆஸ்பத்திரி, நாவிதர், காது கேட்காத தாத்தா, எல்லாவற்றையும் சொன்னான்.

"வேர்க்கட்டு வைக்காத விரதம் கணக்குல வராது," என்றார் போனிபாத்தே கிழவர்.

"கணக்குல வராது," என்று ஊர்த்தலைவரும் ஒத்துக்கொண்டார். மனோவாவின் தலையை நிதானமாகப் பார்த்தார். "ஆனா முடி வந்திருக்கே. அதை என்ன பண்றது? உக்காரச் சொல்லு."

"காலு?" என்றார் கிழவர். "பாதம் பெரியவங்களையும் யங்கோனாத் தொட்டியையும் நோக்கிப் போகுமே."

"போகாது பெரியப்பா." ஜோபே மனோவாவை மெல்லப் பாயில் இறக்கிவிட்டு, அவனுக்கு முன்னால், பெரியவர்களைப் பார்த்தபடி தானே சம்மணமிட்டு உட்கார்ந்தான். "நீட்டுடா. என் முதுகப் பாத்து நீட்டு. நான் இவன் மச்சான். இவன் என்னை எட்டி உதைச்சாலும் ஊர்ல எவனும் கேக்க முடியாது."

"உதைக்கிறதுக்குத்தான் அந்தக் காலு ஆகாதே!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. கிழவரும் இருமலோடு சேர்த்துச் சிரித்தார்.

மனோவா காலை நீட்டினான். இடம் போதவில்லை. பாதம் ஜோபேயின் முதுகில் போய் முட்டி நின்றது.

அம்மா கத்தரிக்கோலோடு வந்தாள். முதலில் ஜோபேயின் முடி. கற்றை கற்றையாக அது மனோவாவின் கணுக்காலில் விழுந்தது. பிறகு மகனுக்குப் பின்னால் வந்து நின்றாள். பட்டென்று அவன் பிடரியில் ஒரு அடி விழுந்தது.

"இத்தன நாளா வாய் வலிக்கத் திட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கத்தரிக்கோல் நகர்ந்தது. காதுக்குப் பின்னால் கடல்காற்று பட்டது. யாரோ பாட்டு எடுத்தார்கள், யங்கோனாக் கிண்ணம் சுற்றி வந்தது, எதிரே பெரியவர்கள் மாமாவைப் பற்றி ஏதோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜோபே அவர்களோடு சிரிக்கிறான் என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். முகத்தைக் கவிழ்த்திருந்தான், தோள்கள் குலுங்கின.

ஆனால் மனோவாவின் பாதம் அந்த முதுகில் இருந்தது. அகலமான, சூடான முதுகு. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அது சிரிப்பில்லை என்று அந்தப் பாதத்துக்கு மட்டும் தெரிந்தது. மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. மனோவாவும் கூப்பிடவில்லை. முட்டி மரத்துப்போகத் தொடங்கியது, காலைச் சற்று மாற்றி வைத்தால் நன்றாக இருக்கும்.

அவன் பாதத்தை எடுக்கவில்லை.